மகளுக்கு, நெடுந்தீவுப் பயணம் பற்றி

கொக்குவில்

அன்பு மகளுக்கு,

நீ தம்பிக்கு அனுப்பிய குறுஞ்செய்தியை அவன் எனக்குக் காட்டினான். ஆகஸ்டில் வருகிறாய் என்றும், நல்லூர்த் திருவிழா முடிவதற்குள் உன் மகன் சின்னவனை ஒருநாள் நெடுந்தீவுக்குக் கூட்டிச் செல்ல விரும்புகிறாய் என்றும், படகு, தண்ணீர், வாகனம் ஆகியவற்றை விசாரித்துச் சொல்லும்படியும் அதில் எழுதியிருந்தாய். தீவில் பிறந்து, அங்கேயே படிப்பித்து ஓய்வுபெற்ற அப்பா உயிரோடு இருக்கும்போது இதைத் தம்பியிடம் கேட்கவேண்டியிருந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. அவனுக்குத் தெரிந்தது கைத்தொலைபேசியில் இருப்பது மட்டுமே. ஆகையால் நானே எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மாசி, பங்குனியில் வந்திருந்தால் கடல் குளம்போல் கிடந்திருக்கும். நீ வருவது தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலம். காற்று கடுத்துவிட்டால் அன்றைக்குப் படகு ஓடாது; போனபின் கடுத்தால் தீவிலேயே தங்கவேண்டிவரும். எனவே கொழும்புக்குப் புறப்படும் நாளுக்கு முந்தின நாளில் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளாதே. வந்த கையோடு போய்விட்டு வருவதே புத்தி. பௌர்ணமிப் போயா நாளையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடு. அந்த நாள்களில் தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்கள் நயினாதீவு விகாரைக்குப் போவதற்காக, படகேறும் குறிகட்டுவானை நிறைத்துவிடுவார்கள். இரண்டு தீவுகளுக்கும் அதே இறங்குதுறைதான் என்பதால், அவசரத்தில் வேறு படகுக்கான வரிசையில் போய் நிற்பவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். விடியவே புறப்படவேண்டும். காலைப் படகில் தீவுக்கு வேலைக்குப் போகும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும், அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் கொண்டுபோகும் ஊர்ச்சனமும் ஏறுவார்கள். அவர்களுக்கு அது உல்லாசப் பயணமல்ல என்பதைச் சின்னவனுக்கு இப்போதே சொல்லிவை. நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால், முதல்நாள் துறைக்குத் தொலைபேசி எடுத்து நானே கேட்டுச் சொல்வேன்.

படகில் கீழ்த்தட்டில் உட்காராதே. நிழல் இருக்கிறதே என்று எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். காற்றோட்டம் கிடையாது, டீசல் மணம் நிற்கும், அலையில் படகு சரியத் தொடங்கியதும் ஒருவர் வாந்தியெடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள். மேலே, பின்பக்கமாக, உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம் அது. சின்னவனை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பெரியவர்கள் இருப்பது நல்லது. மருமகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. சென்றமுறை அவர் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. அவர் வருவதாயின் மாத்திரையைப் படகு புறப்பட்டபின் அல்ல, அரை மணி நேரம் முன்னதாக எடுக்கச் சொல். வராவிட்டால் நான் வருகிறேன். முழங்கால் நோவு படகில் உட்காருவதற்குத் தடையில்லை.

தண்ணீர் கொண்டுபோ. தீவின் கிணறுகளில் பலவும் உவர் என்பது உனக்குத் தெரியும், ஆனால் சின்னவனின் வயிற்றுக்குத் தெரியாது. சாராப்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நீ. அவன் போத்தல் தண்ணீர்ப் பிள்ளை. போதும் என்று நீ நினைக்கும் அளவைப்போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள். அவனுடைய இழுப்புப் பம்பையும் மறக்காதே. முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், தூளாகப் பறக்கும் வீதிகள் அவை. தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆயினும் கடும் நோயாளிகளை யாழ்ப்பாணத்திற்குக் கடல் வழியாகத்தான் கொண்டுவரவேண்டும். பணத்தைச் சில்லறையாக வைத்துக்கொள். கனடாக் கடவுச்சீட்டுகளையும் கையோடு கொண்டுபோ, துறையில் கேட்டால் காட்டலாம்.

தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். காத்திருப்பதற்கும் சேர்த்து முழுச் சுற்றுக்கும் விலை பேசிவிட்டு ஏறவேண்டும். இருவர், மூவர் என்றால் ஆட்டோ போதுமானது. அதற்கு மேல் என்றால் பிக்கப் ஒழுங்குசெய்யவேண்டும். நீ இருவர் என்று எழுதியிருக்கிறாய். எண்ணிக்கை மாறுமாயின் அறிவி.

துறையடியில் குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்ட படுகொலையின் நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று நடந்த அதைச் சின்னவனுக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதை நீதான் முடிவுசெய்யவேண்டும். ஆனால் அவ்விடத்தைப் பார்க்காததுபோல் கடந்து போகாதே. கோட்டையில் அவனை மதிலில் ஏறவிடாதே, கற்கள் கழன்றிருக்கின்றன. ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டைப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பாவோபாப் என்கிற பெருக்குமரத்தடியில் ஆறுதலாக நில்லுங்கள். அதன் பொந்துக்குள் அவன் நுழைந்து நிற்கலாம், நீயும் நிற்கலாம். குதிரைகள் ஆவணி வரட்சியில் தண்ணீர் உள்ள இடங்களை அண்டி நிற்கும். தூரத்தில் நின்று பார்க்கட்டும். அவை வளர்ப்புக் குதிரைகள் அல்ல, உதைக்கும். தீன் கொடுக்கவும் வேண்டாம்.

அவனுக்கு நீ காட்டவேண்டியது வேலிகளை என்று நான் நினைக்கிறேன். குதிரையை எந்தப் படத்திலும் பார்க்கலாம். சாந்து இல்லாமல், கயிறு பிடிக்காமல், கல்லுக்குக் கல் கொளுவி அடுக்கிய அந்த மதில்களின் அருகே அவனைக் குந்தியிருக்கச் செய்து, ஒவ்வொரு முருகைக்கல்லிலும் உள்ள வரிகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல். சிலவற்றில் பூவின் இதழ்போலவும் சிலவற்றில் மூளையின் மடிப்புப்போலவும் இருக்கும். கல்லொன்றையும் எடுத்துவர வேண்டாம், சட்டமும் தடுக்கிறது. செருப்பைவிடச் சப்பாத்து நல்லது, கரையில் கால் வெட்டும்.

பெரியப்பாவின் வளவுக்குப் போகாமல் திரும்பிவிடாதே. மேற்குப் பக்க மதில் சரிந்துவிட்டது என்று கேள்வி. ஒரு படம் எடுத்துவா. காணியைப் பற்றி எவரேனும் பேச்செடுத்தால் அப்பாவைக் கேளுங்கள் என்று மட்டும் சொல். மத்தியானச் சாப்பாடு சின்னம்மா வீட்டில். தீவில் கடைச் சாப்பாட்டை நம்பமுடியாது, அதோடு நீ போய்ச் சாப்பிடாவிட்டால் அவள் அதை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் கேள்விகள் கேட்பாள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

பிற்பகல் படகைத் தவறவிடாதே. சின்னம்மா இன்னும் கொஞ்சம் இரு என்பாள். இருக்காதே, நேரத்தோடு துறைக்குப் போய்விடு. திரும்பும் கடல் காலைக் கடலைவிடக் கடுமையாக இருக்கும். தண்ணீரைக் காலையிலேயே முடித்துவிடாமல் இதற்கும் மிச்சம் பிடித்துக்கொள்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் சித்தியெய்தி விடுதிக்குப் புறப்பட்ட அன்று, இதே துறையில், டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, அம்மா அழ நீ அழாமல் போனாய். தலைமையாசிரியர் அதைப் பலரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து நீ எங்களிடம் எதையும் கேட்டுப் பழகவில்லை. தொலைபேசியில் எல்லாம் நல்லம் என்கிறாய்; இப்போது அந்தத் தொலைபேசியும் குறைந்துவிட்டது. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஹோட்டலில் அறை எடுத்திருப்பதாகத் தம்பி சொன்னான். அதை ரத்துச் செய். கிழக்கு அறைக்கு வெள்ளையடித்து, புதிய நுளம்பு வலையும் கட்டியாயிற்று. இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மேலும் இருக்கலாம், அறை வேறு எவருக்கும் தேவையில்லை. சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும் என்றால், இங்கேயும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. கணக்கை நான் சொல்லிக்கொடுப்பேன்.

ஆட்டோவுக்கும் சின்னம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லவேண்டியிருப்பதால், எந்த நாள், எத்தனை பேர் என்பதை இந்த மாத முடிவுக்குள் எழுது. தம்பிக்கு அல்ல, எனக்கு எழுது.

இப்படிக்கு,
அப்பா