தங்கவயலில் தரை இன்னும் அடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலநடுக்கம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், தென்னிந்தியா பழமையான கெட்டிப் பாறைமீது இருப்பதால் நமக்குக் கவலை இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்து அறுபத்தெட்டு வயதுவரை இங்கேயே இருப்பவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன். தாது வெட்டிய இடத்தில் மேற்பாறை இறங்காமல் மரம் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். லைன் வீடு, தட்டிச் சுவர், தகரக் கூரை. சில ராத்திரிகளில் தரைக்கடியில் 'டம்'மென்று ஓர் அடி விழும். பலகையில் கவிழ்த்து வைத்த பித்தளைச் செம்புகள் ஒருதரம் கிணுங்கி அடங்கும். எண்ணினால் ஒரு நொடி. அப்பா நைட் ஷிப்ட் என்றால் அம்மா விளக்குகூடத் தேடமாட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவாள். லைனில் இருக்கும் பெண்கள் எல்லோரும் ஓடுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மேலே வரும்போதெல்லாம் இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எட்டு வயதில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன்.

இதை ராக் பர்ஸ்ட், அதாவது பாறை வெடிப்பு என்பார்கள். பழைய ஆட்களுக்கு ஏர் பிளாஸ்ட். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் எடை மட்டுமே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 800 கிலோ. வெட்டி எடுத்த இடம் காலியாகிவிட்டால் அது தாங்கிய பாரம் பக்கத்துப் பாறைமேல் ஏறும். கெட்டிப் பாறைக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. தாங்கும்வரை தாங்கி, ஒரே கணத்தில் சிதறும். மரம், கருங்கல் அடுக்கு, கான்கிரீட் என்று முட்டுக் கொடுக்கும் முறை மாறியதே தவிர வெடிப்பு நிற்கவில்லை. அதைக் கவனிக்க 1978-ல் கருவிகள் வைத்தார்கள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அதே வருடம் செப்டம்பர் 25-ஆம் தேதி சென்னையில் தங்கை வீட்டில் இருந்தேன். இரவு எட்டரை மணி வாக்கில் சாமி படத்து மாலை தானாக ஆடியது. தரை ஊஞ்சல்போல மெதுவாகப் போய்ப் போய் வந்தது. புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நிலநடுக்கம் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஊரில் விழும் அடிக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரிந்தது. ஆனால் உடம்பை மட்டும் நம்ப முடியாது. பக்கத்தில் உண்டாகும் சிறிய இயற்கை நடுக்கமும் 'டம்'மென்றுதான் விழும். எது எது என்று கருவிதான் பிரித்துச் சொல்ல முடியும்.

கெட்டிப் பாறையிலும் இயற்கை நிலநடுக்கம் வரும். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது ஏறக்குறைய 6 அளவு. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிரத்துக் கில்லாரி. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய ஜனம். மண் சாந்தில் கல் அடுக்கிய சுவரும் கனமான மண் கூரையும் அவர்கள்மேல் விழுந்தன. கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அந்த ஊர் அப்போது அரசாங்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது. எனக்கு இன்னும் ஆறாதது வேறு: 1992-லிருந்தே அங்கே சின்னச் சின்ன நடுக்கங்கள் வந்துகொண்டிருந்தன.

அதனால்தான் சின்ன நடுக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள் என்கிறேன். இங்கே பம்புகளை நிறுத்தியபின் சுரங்கம் முழுவதும் தண்ணீர் ஏறியது. பாறை விரிசல்களில் நீரின் அழுத்தம் சேர்ந்தால் பழைய பிளவுகள் வழுக்கும். மகாராஷ்டிரத்துக் கொய்னா அணையில் நீர் தேக்கிய சில வருடங்களில், 1967 டிசம்பரில், 6.3 அளவுக்குப் பூமி ஆடியதை மறந்துவிட்டோமா? அந்த அளவுக்கு இங்கே வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. சுரங்கம் மூடிய பிறகும் தங்கவயலில் நடுக்கங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் போய், என் தெருவுக்குக் கீழே எதுவரை வெட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "சுரங்கம்தான் மூடியாச்சேம்மா, இனிமே என்ன?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கே யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. நடுக்கம் உணரப்பட்டால் மறுநாள் நகராட்சிப் பலகையில் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு தாள் ஒட்டட்டும்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், பழைய சுரங்கத்தாலா இயற்கையாலா. புது வீட்டுக்கு அனுமதி கொடுக்கும் முன் பழைய சுரங்க வரைபடத்தை மனையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். என் பக்கத்து மனையில் இப்போது மூன்றாவது மாடிக்குத் தளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதன் கீழே அப்பா மரம் கொடுத்து நிறுத்திய இடம் இருக்கிறதா என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்.