ஆடியில் வருகிற மகளுக்கு

அன்பு மகள்,

பத்து நாளைக்கு மட்டக்களப்பில் எங்கெங்கே போகலாம் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். இதே கேள்வியை ஒவ்வோர் ஆனி மாதமும் சுவிஸிலும் கனடாவிலும் இருந்து நாலைந்து பிள்ளைகளாவது கேட்டுவிடுகிறீர்கள். ஆகவே உனக்கு எழுதுவதையே எல்லோரும் படிக்கும்படி இங்கே போட்டுவிடுகிறேன். கோபிக்காதே.

முதலில் கெட்ட செய்தி. மாமாங்கத் தீர்த்தமும் வேண்டும், மீன் பாட்டும் வேண்டும் என்கிறாய். தீர்த்தம் ஆடி அமாவாசையில். மீன் பாட்டு என்று நாங்கள் சொல்வது எங்கள் வாவித் தண்ணீருக்குள்ளிருந்து இரவில் கேட்கிற ஓசை, அதற்குப் பௌர்ணமி வேண்டும். நடுவே பதினைந்து நாள். நீ வாங்கிய டிக்கெட்டோ பத்து நாளுக்கு. நிலாவிடம் நான் பேசிப் பார்க்க முடியாது. விமானக் கம்பனியிடம் நீதான் பேச வேண்டும்.

ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால் தீர்த்தத்தைப் பார். அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் பத்து நாள் திருவிழா. அந்த நாட்களில் வீதி முழுக்கக் கடைதான். வளையல், பலூன், மண்சட்டி, பிளாஸ்ரிக் துவக்கு, வரிசை வரிசையாகக் கச்சான், அதாவது நிலக்கடலைக் கடை. உன் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். ஒரு மாலை முழுவதையும் அதற்கென்றே விட்டுவிடு. கடைசி நாள் அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விடியலிலேயே குளத்தடிக்கு வந்துவிடுவார்கள். அப்பா போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது, நீ இன்னும் இங்கே வந்து முழுகவில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று யாராவது இழுத்தால் என்னிடம் அனுப்பு. அந்தக் குளம் யாரிடமும் அப்படிக் கேட்டதை நான் பார்த்ததில்லை. முழுகி வந்தால் மத்தியானச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் இருக்கும். அப்படியொரு கைப்பு. மற்ற நாட்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத காய், அன்றைக்குச் சந்தையில் தங்க விலை விற்கும். பிள்ளைகள் துப்பட்டும், பேசாதே. நீயும் சின்ன வயதில் துப்பியவள்தான். அதே நாளில் அம்பாறைப் பக்கம் திருக்கோவிலில் கடலில் தீர்த்தம் நடக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைக்காதே.

கச்சான் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே கச்சான் இரண்டு. ஒன்று கோயில் வீதியில் சுருளில் வாங்கிக் கொறிப்பது. மற்றது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையிறங்கிச் சூடேறி எங்களிடம் வந்து சேர்கிறது. வைகாசிக்குப் பிறகு பகலில் அது எழும்பினால் கொடியில் போட்ட சேலை ஒரு நாழிகையில் மொடமொடவென்று காய்ந்துவிடும், மனிதரும் அப்படித்தான். ஆகவே பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வீட்டில் படு. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். போர் முடிந்து பாதை திறந்து, எல்லோரும் பாசிக்குடாக் கடற்கரைக்கு ஓடிய காலத்தில் உன் அப்பா தனியாக வந்திருந்தார். நான்தான் பெரிய ஏற்பாட்டுக்காரியாகச் சோறு சமைத்து, வான் வண்டியில் ஆட்களை நிரப்பி, போய் இறங்கும்போது பன்னிரண்டு மணி. மணலில் கால் வைக்க முடியவில்லை. உன் அப்பா செருப்பைத் தேடி ஓடியதும், பொதிச்சோற்றைக் காகம் கிளறியதும், இரவு மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்ததும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "தண்ணி நல்ல சூடு, குளிருக்கு இதமா இருந்தது" என்றார்.

ஆக, பாசிக்குடாவுக்கு விடியலில் புறப்படு. ஏழு மணிக்கு அங்கே கண்ணாடி விரித்தது போலக் கடல் கிடக்கும். வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான். சின்னவனைக் கூடத் தைரியமாக இறக்கலாம். பக்கத்தில் இருப்பதுதானே என்று கல்குடாக் கரையில் அதே துணிச்சலைக் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை போகாதே. ஒன்பதரைக்குக் கரையேறி வாழைச்சேனையில் மீன் பார்த்து வாங்கிக்கொண்டு வா, சமைத்துத் தருகிறேன்.

அறுகம்பே பற்றிக் கேட்டிருந்தாய். அலைமேல் பலகையில் நிற்கத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கமாம். எனக்குத் தெரியாது. அதற்குப் பக்கத்திலிருக்கிற பொத்துவில் வரை போகிறதென்றால் பாணமை கடந்து உகந்தை வரை போய்விடு. காடும் கடலும் பாறையும் ஒன்றாகச் சேருகிற இடத்தில் முருகன் இருக்கிறான். கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் அங்கிருந்துதான் குமணக் காட்டுக்குள் நுழைவார்கள். பாதை திறக்கிற காலமென்றால், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அரோகரா சொல்லிப் போகிற எழுபது வயதுக் கிழவிகளைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பொழுது சாயும் முன்பே திரும்பிவிட வேண்டும். அந்த வீதியில் யானை உண்டு.

யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது படுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரை. முன்பு மண்முனைத் துறையில் பாதை ஏறித்தான் போக வேண்டும். அந்தத் தட்டையான படகைத்தான் இங்கே பாதை என்போம் என்று பிள்ளைகளுக்குச் சொல். 2014இல் பாலம் வந்துவிட்டது. நாலரை மணிக்கு ஓர் ஆட்டோ பிடித்துப் பாலம் கடந்தால், சிறுபோக வயல் அறுக்கிற நேரம். வைக்கோல் வாசம், கொக்குக் கூட்டம், சேறு பூசிய எருமைகள் வீதியை மறித்துக்கொண்டு நிற்கும். ஓட்டுநரை ஹோர்ன் அடிக்க விடாதே. கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, பறங்கித் தளபதியின், அதாவது போர்த்துக்கேயத் தளபதியின் முன்னால் கல் நந்தி எழுந்து புல் தின்ற கதையைச் சொல். திரும்பும்போது இரண்டு சட்டி எருமைத் தயிர் வாங்கு. சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாத தயிராக இருக்க வேண்டும்.

மீன் பாட்டு கடைசி. 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தின் கீழே, நிலா உச்சிக்கு வருகிற நேரத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்று தோணிக்காரர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். வீணைத் தந்தியை யாரோ தூரத்தில் மீட்டுவது போல எனக்குக் கேட்டது ஒரே ஒரு தடவை. மற்ற மூன்று தடவையும் பாலத்தில் போன மோட்டார் சைக்கிள்கள்தான் கேட்டன. கேட்காமல் திரும்பினால் என்னைத் திட்டாதே.

அமாவாசைக்கு முதல் நாள் வந்து, பௌர்ணமிக்கு மறுநாள் புறப்படுகிற மாதிரி டிக்கெட்டை மாற்ற முடிகிறதா பார். பின் அறைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது, கிணற்றையும் இறைத்துவிட்டோம். பதிலை மட்டும் சுணக்காதே. தோணிக்காரரிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். பௌர்ணமி இரவென்றால் அவருக்கு ஆள் கூடிவிடும்.

பெரியம்மா