பட்டாவில் இருக்கும் 24.50

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் அளவுக்கு.

முதலில் பட்டா விஷயம். நீ ரொம்பக் கலங்கிப்போய் எழுதியிருக்கிறாய். "அப்பா இருந்தவரை அறுபது சென்ட் என்றுதான் சொல்வார், இப்போது பட்டாவில் 24.50 என்று இருக்கிறது, பாதிக்கும் மேலே எங்கே போனது?" என்று கேட்டிருக்கிறாய். எங்கேயும் போகவில்லை. அந்தப் பத்தியின் தலைப்பைப் பார், 'ஹெக்டேர் – ஏர்' என்று இருக்கும். 0 – 24.50 என்றால் ஹெக்டேர் ஒன்றுமில்லை, ஏர் இருபத்து நாலரை. ஓர் ஏர் என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், 100 சதுர மீட்டர். அப்படியானால் உன் நிலம் 2,450 சதுர மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். வகுத்துப் பார், அறுபதரை சென்ட் வரும். அப்பா சொன்ன கணக்கு சரிதான். அண்ணனிடம் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை என்றால் பேசாமலே விட்டுவிடு.

ஹெக்டேர் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு முன்னொட்டு இருக்கிறது, தெரியுமா? 'ஹெக்டோ' என்றால் நூறு மடங்கு. நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, சென்டிமீட்டரில் இருக்கும் 'சென்டி'க்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். நிலம் வாங்கி விற்கிறவர்கள் தினமும் சொல்லும் சொற்கள்தான் இவை. ஆனால் அதே முன்னொட்டுகள் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் அட்டவணையாக வந்ததும் பிள்ளைகளுக்கு அந்நியமாகிவிடுகின்றன.

உன் மகளைப் பற்றியும் எழுதியிருந்தாய். முதல் பாடமே அலகுகளும் அளவீடும், "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று அவள் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாளாம். தயவுசெய்து அவளைத் திரும்பி வரச் சொல். இத்தனை வருஷம் இந்த வகுப்புக்குப் பாடம் நடத்தியதில் நான் கண்டது, பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சூத்திரம் சரியாக இருக்கும், பெருக்கலும் சரியாக இருக்கும், விடை மட்டும் ஆயிரம் மடங்கு தள்ளிப் போயிருக்கும்.

போன வாரம் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் திருகு அளவியில், அதாவது மெல்லிய பொருள்களின் தடிமனை அளக்கும் கருவியில், எஃகுக் கம்பியின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தான். கருவி பழையது. கம்பி இல்லாமல் மூடிப் பார்த்தால் தலைக்கோல், அதாவது சுழலும் தலையில் இருக்கும் அளவுகோல், சுழிக்கு (பூஜ்யத்துக்கு) வராமல் 3-இல் நிற்கும். அதை மறக்காமல் முதலிலேயே குறித்துக்கொண்டான். கம்பியை வைத்து, பின்னால் இருக்கும் சின்னத் திருகைக் 'கிரிக்' என்று சத்தம் வரும்வரை சுற்றி நிறுத்தினான். புரிக்கோலில், அதாவது நேராக இருக்கும் அளவுகோலில், 0, தலைக்கோலில் 46. மீச்சிற்றளவு, அதாவது கருவி காட்டும் மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர். அந்த 3-ஐ, சுழிப்பிழையை, கழித்தால் 0.43 மில்லிமீட்டர். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு நேர்த்தியாகச் செய்தான்.

அடுத்து குறுக்குவெட்டுப் பரப்பு. ஆரத்தை வர்க்கமாக்கி, பையால் (π) பெருக்கி, 0.145 என்று கண்டுபிடித்தான். அதை மீட்டருக்கு மாற்ற வேண்டும். 'மில்லி' என்றால் 10⁻³ என்பது அவனுக்கு மனப்பாடம், அதனால் 0.145 × 10⁻³ சதுர மீட்டர் என்று எழுதிவிட்டான். அங்கேதான் சறுக்கியது. அவன் கையில் இருந்தது மில்லிமீட்டர் இல்லை, சதுர மில்லிமீட்டர். வர்க்கம் மீட்டருக்கு மட்டும் இல்லை, ஒட்டியிருக்கும் மில்லிக்கும் சேர்த்துத்தான். 10⁻³ இரண்டு தடவை வரவேண்டும், 10⁻⁶ ஆகும். கன அளவென்றால் மூன்று தடவை, 10⁻⁹.

அந்தப் பரப்பை வைத்து யங் குணகம் (ஒரு பொருள் இழுபடாமல் எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் எண்) போட்டதும் 2 × 10⁸ பாஸ்கல் என்று வந்தது. எஃகுக்கு 2 × 10¹¹ வரவேண்டும். "இந்த விடை சொல்கிற மாதிரி இருந்தால் உன் கம்பி பாலித்தீன் பை மாதிரி இழுபடும்" என்று சொன்னேன். கம்பியைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தானே நோட்டைத் திருப்பித் தவறைத் தேடினான். இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். அப்போது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். அலகை விடைக்குப் பிறகு ஒட்டாதே, முதல் வரியிலிருந்தே எண்ணோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு வா. அவன் வரிக்கு வரி 'சதுர மி.மீ.' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால் அந்த 'சதுர'மே அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும்.

இதற்கு வகுப்பில் நான் சொல்லும் உண்மைக் கதை ஒன்று உண்டு. 1983 ஜூலை 23, கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம். எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை, தொட்டியில் அளவுகோல் கொண்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோவாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள். அந்த 1.77 ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்கிற எண்! அந்த நாடு அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது, பழைய விமானங்களுக்கெல்லாம் பவுண்டு கணக்கு, இந்தப் புது விமானத்துக்குக் கிலோ. கிலோவுக்கு 0.8 என்று பெருக்கியிருக்க வேண்டும். தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது, 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர ஆரம்பித்து, இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. விமானி அதை மிதக்கவிட்டே கொண்டுவந்து கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். கரும்பலகையில் வெறும் 1.77 என்று எழுதி, "இதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்?" என்று கேட்பேன். அந்த நாளில் வகுப்பு ரொம்ப அமைதியாக இருக்கும்.

பின்வரிசையில் உட்காரும் ஒரு பெண் இந்த வருஷம் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "மீட்டர், வினாடி, ஆம்பியர், கெல்வின், மோல், கேண்டெலா, எதிலும் முன்னொட்டு இல்லை. கிலோகிராமுக்கு மட்டும் ஏன் கிலோ, டீச்சர்?" ஏழு அடிப்படை அலகுகளில் அது ஒன்றுதான் அப்படி. 1795-இல் பிரான்ஸில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறையைத்தான் கிராம் என்று வைத்தார்கள். அது கையாள முடியாத அளவுக்குச் சிறியது, அதனால் 1799-இல் பிளாட்டினத்தில் படிக்கல் செய்தபோது ஆயிரம் கிராமுக்குச் செய்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது படிக்கல்லே தேவையில்லை, 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவை வைத்துத்தான் கிலோகிராமை வரையறுக்கிறார்கள். ஆனால் முன்னொட்டு சேர்க்கும்போது இன்றும் கிராமோடுதான் சேர்க்க வேண்டும். கிலோகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மில்லிகிராம், மைக்ரோகிலோகிராம் இல்லை. ஒன்றின்மேல் இன்னொன்றாக இரண்டு முன்னொட்டு வரக்கூடாது.

உன் மகள் தமிழ்வழியில் படிப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. குறியீடுகளில் அது உயிர்நாடி. சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா, இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு. கிலோவுக்குச் சின்ன கே, பெரிய கே கெல்வினுக்கு. கடைப் பலகைகளைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் கிலோகிராமுக்குப் பெரிய கே, பெரிய ஜி என்றுதான் எழுதுகிறார்கள். இதைத் திருத்துவதற்கே எனக்கு ஜூன் மாதம் முழுக்கப் போய்விடும்.

அவளுக்கு ஒரு வேலை கொடு. அந்தப் பட்டாவை எடுத்து வைத்து ஏரைச் சதுர மீட்டராக்கி, அதைச் சென்ட்டாக்கி, ஒவ்வொரு வரியிலும் அலகோடு எழுதச் சொல். அப்புறம் கயிறும் டேப்பும் எடுத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் வயலுக்குப் போய் நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். டேப் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒரே பக்கத்தை மூன்று தடவையாவது அளக்க வேண்டும். வயல் செவ்வகமாக இருக்காது, மூலைவிட்டமும் அளந்து இரண்டு முக்கோணமாகப் பிரித்துக்கொள்ளட்டும். 2,450-க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று அவளே எனக்கு எழுதட்டும், படம் போட்டு.

தீபாவளி லீவில் வருகிறேன். என் பெட்டியில் ஒரு திருகு அளவி இருக்கிறது, அவளுக்காகக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி