கராஜ் கதவைத் திறந்து வை

நீர்வேலி,
பங்குனி 27.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே உங்கள் மூன்று பேரின் சுகத்துக்கும் அரசகேசரிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறோம்.

பொங்கலன்று போன் எடுத்தாய். அதற்குப் பிறகு இல்லை. நான் எடுத்தால் அடித்து அடித்து நிற்கிறது. வட்ஸ்அப்பில் எழுதினால் நீ பார்த்ததாகக் காட்டுகிறது, பதில் வருவதில்லை. வேலை கூட என்று அக்கா சொன்னாள். சரி. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடிதம் என்றால் ஆறுதலாக இருந்து வாசிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

நீ பொங்கலுக்கு அனுப்பிய படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். 1982ஆம் ஆண்டு ஹொண்டா கோல்ட் விங் மோட்டார் சைக்கிள். 1085 சி.சி. நாலு சிலிண்டரும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடக்கிறது. செயின் இல்லை. பெற்றோல் ராங்க் சீற்றுக்குக் கீழே. இப்படியொரு எஞ்சினை நான் கையால் தொட்டதே இல்லை. நீ தனியாகப் பிரித்து நாலு காபரேற்றரையும் பழைய துணியில் வரிசையாக அடுக்கி, எது எந்தச் சிலிண்டருக்கு என்று ரேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறாய். கழற்றிய ஸ்குரூ எல்லாம் முட்டை வைக்கும் அட்டையில், குழிக்கு ஒன்றாக. அது நான் உனக்குக் காட்டித் தந்த முறை. அம்மாவைக் கூப்பிட்டு, "பாரும், இவன் மறக்கவில்லை" என்று காட்டினேன்.

ஆனால் தம்பி, அந்தப் படத்தில் கராஜ் கதவு பூட்டியிருக்கிறது. கதவின் அடியில் துவாயைச் சுருட்டி அடைத்திருக்கிறாய். குளிருக்காக என்று விளங்குகிறது. காபரேற்றர் துணிக்கு நாலு அடி தள்ளி ஹீற்றர் சிவந்து எரிகிறது. அதற்குப் பின்னால் ஒரு மெத்தை, மேலே மடித்த போர்வை, றைஸ் குக்கர். இரவிலும் வேலை செய்கிறாய் போல.

அந்தக் கதவைத் திறக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதே. இரண்டு நிமிடத்துக்கும் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருடம் படிப்பித்த பாடம் இது. எஞ்சின் புகையில் வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் இருக்கும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலே இறுக்கிப் பிடிக்கும். முதலில் தலையிடிக்கும், பிறகு நித்திரை வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதற்கென்று அலாரம் விற்கிறார்களாம். ஒன்று வாங்கி மெத்தைப் பக்கம் வை. வாங்கிவிட்டேன் என்று அக்காவிடமாவது சொல்லு.

காபரேற்றரைக் கழுவுவதென்றால் வெளியே வைத்துக் கழுவு. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு ஊர்ந்து போய் ஹீற்றரைத் தேடிப் பிடிக்கும்.

வேறு புதினம் என்றால், கப்பல் வாழை இரண்டு குலை வெட்டினோம். மாமாவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்து சுகம். சின்னவளின் முன்பல் விழுந்த படம் அக்கா மூலம் வந்தது. அம்மா அந்தப் படத்தில் பின்னால் தெரிந்த திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் வீட்டுத் திரைச்சீலை நீலம் அல்லவா. ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளை வடிவாக வளர்ந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

கோடைக்குக் கனடாவின் மேற்குக் கரை, வன்கூவர் வரைக்கும் தனிய ஓடப் போகிறேன் என்றாய். 4,000 கிலோமீற்றருக்கு மேலே. இங்கே வடக்கே பருத்தித்துறை முனையிலிருந்து தெற்கே தெய்வேந்திரமுனை வரைக்கும் நேராக அளந்தால் 430 சொச்சம்தான் வரும். போகாதே என்று நான் சொல்லவில்லை. 2002 சித்திரையில், சண்டையால் பூட்டியிருந்த பாதை திறந்தவுடனே என் ஹொண்டா சி.டி. 200 மோட்டார் சைக்கிளில் உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனவன் நான், உன்னை மறிக்க எனக்கு வாயில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேராகப் போனோம்.

போவதென்றால் சில வேலையை முடிக்காமல் இறங்காதே. ரைமிங் பெல்ற் இரண்டையும் மாற்று. மைல் ஓடாவிட்டாலும் றப்பர் வயதால் செத்துப்போகும். உன் எஞ்சினில் பெல்ற் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அதோடு சரி. விற்றவன் மாற்றியது என்று சொன்னால் அதை நம்பாதே, மூடியைக் கழற்றி உன் கண்ணால் பார். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டு 23ஆவது கிழமை. மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000க்கு முந்தியது, ரயர்ப் பூ தேயாமல் எவ்வளவு இருந்தாலும் எறி.

பிரேக்தான் முக்கியம். பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அந்தத் தண்ணீர் கொதிக்கும், லீவர் பஞ்சு மாதிரிப் போய்விடும். றொக்கி மலையில் அது நடக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருதரம் முழுக்க மாற்ற வேண்டும். பழைய றப்பர்க் குழாய் வெளியே புதிது மாதிரி இருக்கும், உள்ளே ஊதி வழியை அடைத்திருக்கும். நீ லீவரை விட்டாலும் பிரேக் விடாது. அதையும் மாற்று. அச்சு நட்டிலும் பிரேக் பக்கத்திலும் எங்கெங்கே நட் கழலாமல் துளையில் செருகி மடக்கும் கொட்டர்பின் வருகிறதென்று மனுவலில் எண்ணிப் பார்த்து, கழற்றிய இடத்தில் எல்லாம் புதிய கொட்டர்பின் போடு. பழையதை நிமிர்த்தித் திரும்பப் போடாதே.

கொட்டர்பின் என்று எழுதிவிட்டு அரை மணித்தியாலம் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

2003 ஆவணி, நல்லூர்த் திருவிழா நேரம். நீ மாமா வீட்டுக்கு என்று சி.டி.யில் நெல்லியடிக்குப் போனாய். அதற்கு இரண்டு நாள் முன்னர் பின் சில்லு காற்றுப் போய், நான்தான் கழற்றி ஒட்டுப் போட்டேன். திரும்பப் பூட்டும்போது பொழுதுபட்டுவிட்டது. பிரேக் தட்டைப் பிடித்துவைக்கும் கம்பி இருக்கிறதே, நீ சின்ன வயதில் "பிரேக்கின் கை" என்று சொல்வாய், அதன் நட்டில் போடும் கொட்டர்பின் ஒரு கால் முறிந்து கையோடு வந்தது. பெட்டியில் வேறு இல்லை. நட்டை இறுக்கிவிட்டு, நாளைக்கு வாங்கிப் போடுவோம் என்று விட்டேன். அடுத்த நாள் மறந்துபோனேன். உன்னிடமும் சொல்லவில்லை.

வல்லை வெளியில் நீ விழுந்து கிடக்கிறாய் என்று ஆள் வந்து சொல்ல, ஓடி வந்தேன். உன்னை மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். கட்டிலில் கிடந்தபடி நீ சொன்னாய்: "அப்பா, பிரேக்கை அமத்தினேன், பின் சில்லு அப்படியே இறுகிப் போச்சு." மாமாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்க, "பொய் சொல்லாதே, வெறிபிடித்தவன் மாதிரி ஓடியிருப்பாய்" என்றேன். உன் காலில் கம்பி வைத்திருந்த நேரம் அது.

அன்றிரவு லாந்தரோடு போய் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். போல்ட்டில் நட் இல்லை. பிரேக்கின் கை கீழே தொங்கிக்கொண்டு இருந்தது. அது பிடிக்காவிட்டால், பிரேக்கை அமத்தியதும் தட்டு சில்லோடு சேர்ந்து சுற்றும், கம்பியைத் தானே இழுத்து இழுத்துச் சில்லை இறுக்கிவிடும். நீ சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மை. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. விளங்கியும், பழைய பேணிக்குள் தேடி ஒரு நட் எடுத்துப் பூட்டினேன். கொட்டர்பின்னுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியை முறுக்கிவிட்டேன். காலையில் மாமா வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருந்தது. "சைக்கிளில் ஒரு பிழையும் இல்லை, பெடியன்தான் ஓடியிருக்கிறான்" என்று அவரும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆறு மாதத்தில் நீ வெளிக்கிட்டுவிட்டாய். விமான நிலையத்தில் வைத்து நீ என்னிடம் கேட்ட மன்னிப்பு, "சைக்கிளைப் பழுதாக்கிப் போட்டேன் அப்பா" என்பது. அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். குளிரென்றால் உனக்கு இன்னும் அந்தக் கால் இழுக்கும் என்று அக்கா சொல்கிற போதெல்லாம் அந்த நட்தான் கண்ணுக்கு முன் வரும். போன கிழமை அம்மாவிடம் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அவனுக்கு எழுதுங்கோ" என்றார்.

ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் முழுப் பிழையும் என்னுடையது என்று தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு மூலையில் போய் ஒதுங்கி இருக்கிற பழக்கம் உன்னிடம் இருக்கிறது. அதை உனக்குப் பழக்கியவன் நான். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்பேன், ஒரு வார்த்தை குறுக்கே சொல்ல மாட்டேன். வீட்டில் முன்னறை சும்மாதான் கிடக்கிறது, மின்விசிறியும் மாற்றியிருக்கிறோம். ரிக்கெற்றுக்குக் காசு கையில் இல்லையென்றால் வாழைக் காசு இருக்கிறது. வந்து ஒரு மாதம் நில். சின்னவளையும் கூட்டி வரலாமென்றால் கூட்டி வா, மருமகளும் வந்தால் அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். ஒருவரும் வர ஏலாதென்றால் நீ மட்டும் வா.

சி.டி. இன்னும் ஓடுகிறது. உப்புக் காற்றுக்கு மட்காட் இரண்டு தரம் மாற்றினேன். 2022இல் பெற்றோல் இல்லாமல் ஆறு மாதம் தாழ்வாரத்தில் நின்றது. அப்போது மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை, இல்லையென்றால் சண்டைக் காலத்தில் போல மண்ணெண்ணெயில் ஓட்டியிருப்பேன். அந்தக் காலத்தில் உனக்கு ஏழு வயது. கண்ணுக்கு மருந்து விடும் சின்னக் குப்பியில் பெற்றோலை வைத்துக்கொண்டு காபரேற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருப்பாய். நான் "இப்ப" என்றதும் இரண்டே இரண்டு துளி விடுவாய், மூன்றாவது விடமாட்டாய். பெற்றோல் பொன் விலை விற்ற காலம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எஞ்சின் பிடித்து மண்ணெண்ணெய்க்கு மாறும்வரை மூச்சையும் அடக்கிக்கொண்டு இருப்பாய். உன்னைப்போல நிதானமான கை இந்த ஊரில் வேறொரு பிள்ளைக்கு இருக்கவில்லை. அதை நான் ஒருநாளும் உனக்குச் சொன்னதில்லை.

அம்மா மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பொதி கட்டுகிறார். அக்காவின் சிநேகிதி சித்திரைக்குப் பிறகு வருகிறாள், அவள் கையில் தந்துவிடுவோம். அதற்குள் ஒரு சின்னப் பையில் கொட்டர்பின் வைத்திருக்கிறேன், மூன்று அளவில். அங்கேயும் வாங்கலாம் என்று தெரியும். இருந்தாலும் இதைப் போடு.

நாலு காபரேற்றரையும் பூட்டி முடித்து முதல் தரம் ஸ்டார்ட் பண்ணும்போது எங்களுக்கு வீடியோ கோல் எடு. உனக்கு இரவு ஒன்பதரை என்றால் எங்களுக்குக் காலை ஏழு மணி, நான் தேத்தண்ணியும் குடித்துவிட்டு இருப்பேன். எந்த நேரம் என்றாலும் எடு. போனை ஸ்பனர் பெட்டிக்கு மேலே சாய்த்து வை. முதலில் துவாயை எடுத்துவிட்டுக் கதவை முழுக்கத் தூக்கு. கதவு மேலே போனதை நான் பார்த்த பிறகு திறப்பைத் திருப்பு.

அன்புடன்,
அப்பா