ஓஹியோ ஆற்றின் இக்கரை

பாப்பா,

நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது உங்கள் கென்டக்கி மாநிலம் வடக்கு, தெற்கு எந்தப் பக்கமும் சேராமல் நின்றது, எவ்வளவு நல்ல விஷயம் என்றாய். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனால் சும்மா இருக்க முடியவில்லை.

அடிமைமுறையைக் காக்க நினைத்த தென்மாநிலங்கள் ஒரே நாளில் அமெரிக்காவிலிருந்து பிரிந்துவிடவில்லை. 1860 டிசம்பரில் தென் கரோலினா போனது. பிப்ரவரி 1-க்குள் இன்னும் ஆறு மாநிலங்கள். வர்ஜீனியாவோ தயங்கியது. ஏப்ரல் 4 அன்று, இதை முடிவு செய்யக் கூடிய அதன் மாநாடு பிரிவினையைத் தோற்கடித்தது. அப்புறம் தென் கரோலினாவில் மத்திய அரசின் சம்டர் கோட்டைமேல் தெற்கின் குண்டு விழுந்தது, ஜனாதிபதி லிங்கன் மாநிலங்களிடம் 75,000 பேரைப் படைக்குக் கேட்டார். ஏப்ரல் 17 அன்று அதே மாநாடு 88-க்கு 55 என்று பிரிந்துபோக ஓட்டுப் போட்டது. பதின்மூன்றே நாளில்! பக்கத்து மாநிலத்தைச் சுட ஆள் அனுப்பு என்றதும் பலருக்கு மனம் மாறிவிட்டது.

உங்கள் ஊர் நிலைமை இன்னும் கஷ்டம். லிங்கனும் பிறந்தது அங்கேதான், எதிர்ப்பக்கத் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸும் அங்கேதான். இரு பக்கத்துக்கும் சமரசத்துக்காக அலைந்த கென்டக்கி அரசியல்வாதி, முதியவர் கிரிட்டெண்டனின் ஒரு மகன் தெற்கில் தளபதி, இன்னொரு மகன் வடக்கில் தளபதி. அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மே மாதம் அறிவித்த நடுநிலை, செப்டம்பரில் தெற்குப் படை கென்டக்கியின் கொலம்பஸ் ஊருக்குள் நுழைந்ததும் முடிந்தது. சட்டமன்றம் வடக்கோடு நின்றது.

சரி, அந்த மதில்மேல் பூனை நாட்களை ஏன் நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை தெரியுமா? அப்போது அங்கே 2,25,000-க்கும் மேல் அடிமைகள் இருந்தார்கள். எந்தப் பக்கம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் பிரிந்துபோன பகுதிகளின் அடிமைகளுக்குத்தான்; யூனியனில், அதாவது வடக்கோடு, இருந்த மாநிலம் என்பதால் அதுவும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 13-வது திருத்தம் வரும்வரை, 1865 டிசம்பர் வரை, அவர்களில் பலர் காத்திருந்தார்கள். அந்தத் திருத்தத்தைக் கென்டக்கி ஏற்றுக்கொண்டது 1976-ல். உன் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமான வருஷம்!

போன தடவை லூயிவில்லில் ஓஹியோ ஆற்றுப் பாலத்தில் நடந்தே அக்கரை இந்தியானாவுக்குக் கூட்டிப்போனாயே. நடுவில் நின்று, தண்ணீரைக் காட்டி, "ரொம்ப அகலம், இல்லப்பா?" என்றாய். அந்தக் காலத்தில் இக்கரை கென்டக்கியில் அடிமைமுறை இருந்தது, அக்கரையில் கிடையாது. இருட்டில் தப்பி அந்த ஆற்றைக் கடந்தவர்களைப் பற்றி அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பா