தாய்மாமன் எழுதும் நன்றி மடல்

கூடலூர், பந்தலூர் வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். இந்த இரண்டு வரியை நான் எழுதுவதற்குள் எத்தனை பேர் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள்! வீடு வீடாக வந்து சொல்ல முடியவில்லை. சிலருடைய பெயரைக்கூட அந்த அவசரத்தில் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

தங்கைக்குச் சிக்கிள் செல் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, அடைத்துக்கொண்டு வலி தரும் பரம்பரை நோய் அது. எங்கள் பணியர் பழங்குடி வீடுகளுக்கு இது புது வியாதி இல்லை. இந்தியாவில் முதன்முதலாக 1952ல் இது கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான் என்று பின்னாளில் படித்தேன். ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிவைத்துவிட்டார்கள், சரி. அதற்கான மாத்திரை எங்கள் காலனிக்கு வந்து சேரப் பல காலம் ஆயிற்று. அதுவரை மழைக்காலத்தில் கைகால் குடைச்சலில் துடித்த பிள்ளைகளைத் தெய்வக் குற்றம் என்றுதான் பாட்டி சொல்லிக்கொண்டிருந்தாள்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் இந்த வலி வராமலிருக்க வழக்கமாகச் சாப்பிடும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையை டாக்டர்கள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாதாம். ஃபோலிக் அமிலம் மட்டும் தொடர்ந்தது. எதிரே ஆனி, ஆடி. கூடலூர் மழை தெரியுமே! குளிர், காய்ச்சல், உடம்பில் தண்ணீர் குறைவது, இந்த மூன்றில் எது வந்தாலும் வலி வந்துவிடும்.

முதல் நன்றி எங்கள் பகுதி சுகாதாரப் பணியாளர் அக்காவுக்கு. அட்டைக்கடி பார்க்காமல் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குவழியில் வந்து, கண்ணை இழுத்துப் பார்த்து, நகத்தைப் பார்த்து, இன்றைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய் என்று கேட்பார். மழைநாளில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள்? தங்கைக்கு ஒரு திட்டு, மாப்பிள்ளைக்கு இரண்டு. அந்த மாப்பிள்ளையைப் பேசி முடிக்கும்முன்பே ரத்தம் எடுத்துப் பார்க்க வைத்தவரும் அவர்தான். எங்கள் ஆட்கள் ஜாதகம் பார்ப்பதில்லை; இதையாவது பாருங்கள் என்று அம்மாவிடம் விடாப்பிடியாக நின்றார். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய்; மாப்பிள்ளைக்கு இந்தக் குறை இல்லை. ஆகவே குழந்தைக்கு நோய் வராது. தாயிடமிருந்து வந்த ஒரு கூறு மட்டும் அவளிடம் இருக்கும்; அவள் கல்யாணப் பேச்சு வரும்போது நாங்களும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

வலி கண்ட ராத்திரி ஜீப் கொண்டுவந்த அண்ணனே, வளைவில் ஆனை நின்றபோது நீங்கள் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவதானமாக உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குத்தான் உயிர் போய்த் திரும்பியது. டீசல் காசு இன்னும் வாங்கவில்லை, நினைவிருக்கட்டும்.

ஹீமோகுளோபின் இறங்கியபோது ரத்தம் கொடுக்க வந்தவர்களில் ஒருவர்கூட எங்கள் சொந்தம் இல்லை. கல்லூரித் தம்பிகள் இருவர், ஒரு மளிகைக் கடைக்காரர், ஷிஃப்டுக்குப் போகிற வழியில் தேயிலை ஃபேக்டரி அண்ணன் ஒருவர். ஒரு காலத்தில் எங்கள் தாத்தாமார் பண்ணையடிமைகளாக இருந்த ஊர்ப்பக்கம் இது. இன்று என் தங்கையின் உடம்பில் யார் யாருடைய ரத்தமோ ஓடுகிறது. ஒருவரும் சாதி கேட்கவில்லை.

இனி ஆஸ்பத்திரி. அம்மா ஆஸ்பத்திரி என்றாலே மிரளுவாள். வெகுகாலத்துக்கு முன்பு வேறோர் இடத்தில் அவளை நாள் முழுக்க வராந்தாவிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியில் அவள் பிரசவ அறை வாசலிலேயே தெம்பாக நின்றாள். காரணம், உள்ளே தங்கையோடு எங்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்த நர்ஸ் எங்கள் இனத்துப் பெண்.

இது தானாக நடந்ததில்லை. 1987ல் இங்கே வந்த டாக்டர் தேவதாசனும் டாக்டர் ரூபாவும் கட்டடம் எழுப்பி ஆரம்பிக்கவில்லை. கிராமத்துப் பெண்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்து ஆரம்பித்தார்கள். நிலத்துக்காக 1988 டிசம்பரில் கூடலூரில் ஊர்வலம் போன எங்கள் பெரியவர்கள், நமக்கென்று ஓர் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்றார்கள். 1990ல் அது வந்தது. பிரசவம் பார்க்க டாக்டர் ஷைலா தேவியும் அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நந்தகுமார் மேனனும் வந்தார்கள். வேறெங்கே இருந்திருந்தாலும் வசதியாக வாழ்ந்திருக்கக் கூடியவர்கள். ஆயுளின் பெரும்பகுதியை இந்த மழையில் கழித்தார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்து உறுப்பினர்களுக்கு 1992லேயே மருத்துவக் காப்பீடு கிடைத்தது. நாட்டில் பலர் அந்தப் பேச்சையே கேட்டிராத காலம்.

அவர்களைத் தெய்வம் என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கும்பிட்டுவிட்டால் நம் வேலை முடிந்துபோகும். படித்த டாக்டர் காட்டுப்பக்கம் வந்து மருந்து கொடுப்பது பெரிய காரியம்தான். பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்ணுக்கு பிரஷர் பார்க்கவும் ட்ரிப் ஏற்றவும் கற்றுக்கொடுத்து, அவள் சொல்வதை நம்பி மருந்து எழுதினார்களே, அதை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். தங்கையின் பிரசவத்தன்று அந்த நால்வரில் ஒருவரும் அறையில் இல்லை. அவர்கள் இல்லாமலே எல்லாம் நல்லபடியாக நடந்தது. அப்படி நடக்கும்படி செய்துவைத்ததற்கு அவர்களுக்கு என் நன்றி. அன்று பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கும், லேப் தம்பிக்கும், கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பக்கத்துக் கட்டில் சேச்சிக்கும் நன்றி. ஒரு வாரம் எங்கள் ஆடுகளைப் பார்த்துக்கொண்ட அடுத்த வீட்டாருக்கும்தான்.

ஒரு விஷயம். ரத்தம் கொடுக்க வந்தவர்களில் யாரோ வார்டில் குடையை விட்டுப் போயிருக்கிறீர்கள். கறுப்புக் குடை, பிடி உடைந்தது. எங்கள் வீட்டில் இருக்கிறது. மழை விடுவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் போக விடமாட்டோம்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்மாமன்,
எருமாடு பக்கத்துக் காலனி.