மைசூர் லேன்சர்ஸ் தொப்பிச் சின்னத்தைத் தவறாக அடையாளம் கண்டு, கேட்காமல் பாலிஷ் போட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், பெங்களூரு

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
பழம்பொருள் மதிப்பீட்டுப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

பழைய பித்தளைத் தொப்பிச் சின்னம் ஒன்றை அடையாளம் கண்டு சான்றிதழ் தரும்படி, 4,800 ரூபாய் கட்டணம் செலுத்தி, கடந்த மாதம் தங்களுக்குக் கூரியரில் அனுப்பியிருந்தேன். நேற்று அது திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அது எங்கள் வீட்டுப் பொருள் அல்ல. ஜே.சி. நகரில், மைசூர் சமஸ்தானத்தின் ஈட்டிக் குதிரைப்படையான மைசூர் லேன்சர்ஸின் நினைவுத்தூணுக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் குடியிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் என் அப்பாவிடம் கொடுத்து வைத்தது. அவருடைய அப்பா அந்தக் குதிரைப்படையில் இருந்தவர். இப்போது பெரியவரின் பேரன் என்னைத் தேடி வந்து கேட்டார். சும்மா தூக்கிக் கொடுக்காமல், இன்ன பொருள், இன்ன படையுடையது என்று எழுதிய தாளோடு கொடுக்க வேண்டும் என்றுதான் தங்களிடம் அனுப்பினேன்.

தங்கள் சான்றிதழில் இருப்பது இது: "இருதலைக் கழுகு, ரஷ்யப் பேரரசுச் சின்னத்தின் பிற்கால நகல், மதிப்பு 600 ரூபாய்." மார்பில் கேடயமும், கால்களில் செங்கோலும் உருண்டையும் இல்லாததால் இது திறமையில்லாதவர் செய்த போலி என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். அவை இல்லாததே இது ரஷ்யக் கழுகு இல்லை என்பதற்கு அடையாளம் அல்லவா? இது கண்டபேருண்டம் என்ற இருதலைப் புராணப் பறவை, மைசூர் அரசின் சின்னம். கர்நாடக அரசின் முத்திரையில் இன்றும் நடுவில் இருப்பது இந்தப் பறவைதான். கர்நாடகத்தின் பள்ளிகாவியில் 1047ல் நிறுத்திய தூணின் உச்சியில் இது இருக்கிறது. விஜயநகரத்து அச்சுதராயர் காசுகளில் யானைகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. காஞ்சிப் பட்டு நெய்பவரிடம் காட்டியிருந்தால்கூட "இருதலைப்பட்சி" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார்.

பறவைக்குக் கீழே ஒரு நாடா இருக்கிறது. அதிலிருந்த ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. வலது ஓரத்தில் மட்டும் சி, இ, ஆர், எஸ் என்ற நான்கும் சாதாரண லென்ஸிலேயே தெரியும். 'லேன்சர்ஸ்' என்ற சொல்லின் கடைசி நான்கு எழுத்துகள் அவை. ரஷ்ய எழுத்தில் இப்படி வராது. என் விண்ணப்பத்தோடு அந்த ஓரத்தைப் பெரிதாக்கிய படத்தையும் இணைத்திருந்தேன். அதை யாராவது பார்த்தார்களா?

1918 செப்டம்பர் 23 அன்று இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரை ஒட்டோமான் படையிடமிருந்து பிடித்தவர்கள் ஜோத்பூர், மைசூர் லேன்சர்கள். இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஈட்டியோடு குதிரையில் போனவர்கள். டெல்லி தீன் மூர்த்தி போர் நினைவிடத்தில் நிற்கும் மூன்று சிலைகளில் ஒன்று மைசூருக்கானது. அந்தப் படை 1953ல் உருவான 61ஆம் குதிரைப்படையில் கலந்துவிட்டது. அப்படிப்பட்டவர்கள் தலையில் வைத்திருந்ததைப் போலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

சான்றிதழையாவது திருத்திவிடலாம். பாலிஷ் விஷயம் அப்படியல்ல. விண்ணப்பத்தில் 'சுத்தம் செய்ய வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் செய்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். சிப்பாய்கள் அணிவகுப்புக்கு முன் தினமும் சின்னத்தைத் துடைப்பார்கள். அதனால் முன்பக்கத்தில் பறவையின் அலகும் நெஞ்சும் மழுங்கிப் பளபளப்பாக இருந்தன. பின்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை. அது புளியங்கொட்டை நிறத்தில் கறுத்து, தொப்பியில் மாட்டும் இரண்டு வளையங்களைச் சுற்றிப் பச்சைக் களிம்போடு இருந்தது. முன்னால் தேய்மானம், பின்னால் கருமை என்ற இந்த வேறுபாட்டையும் வைத்துத்தான் உண்மையானதையும் புதிதாக வார்த்ததையும் பிரித்துச் சொல்வார்கள். இப்போது இரண்டு பக்கமும் புது எவர்சில்வர் கடைச் சாமான் மாதிரி மின்னுகின்றன. நாடாவின் இடுக்கில் பாலிஷ் பசை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. ஒரு வளையமும் வளைந்திருக்கிறது. இனி யாரிடம் கொண்டுபோனாலும் 'நகல்' என்று சந்தேகப்பட நீங்களே வழி செய்துவிட்டீர்கள்.

ஆகவே, இந்தச் சான்றிதழை ரத்து செய்து, இந்தியச் சமஸ்தானப் படைச் சின்னங்களை அறிந்த ஒருவரைக் கொண்டு, அனுப்பிய நிலையில் எடுத்த என் படங்களை வைத்துப் புதிய சான்றிதழ் தர வேண்டும். எந்த ரசாயனத்தால், யார் உத்தரவில் சுத்தம் செய்தீர்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். இனி அரிக்காமல் பாதுகாக்க அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கட்டணம் முழுவதையும் திருப்பித் தருவதோடு, ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடும் வழங்க வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பேரனிடம் இன்னும் பொருளைக் கொடுக்கவில்லை. எதனால் தாமதம் என்று கேட்கிறார். தங்கள் பதில் வந்த பிறகுதான் அவரைப் பார்க்கப் போக முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்